அனுசரிக்கத் தெரியாதவன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

வெளிநாட்டு வேலைக்குப் போய், ஒப்பந்தம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டவரைப் பற்றி எங்கள் மண்டகப்பட்டுப் பக்கத்தில் ஒரே தீர்ப்புதான் உண்டு: “அவனுக்கு அனுசரிச்சிப் போவத் தெரியல.” அங்கேயே தங்கி, ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்தவருக்கும் ஒரே பாராட்டுதான்: “பொழைக்கத் தெரிஞ்சவன்.” விழுப்புரம்–செஞ்சி சாலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம். பெண் கொடுக்கிற வீட்டில் இதை வைத்துத்தான் மாப்பிள்ளையை எடை போடுகிறார்கள். கல்லூரி மேடைகளில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதையே அலங்காரத் தமிழில் சொல்கிறார்கள். விசா வாங்கித் தருகிற ஏஜெண்டும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு இதே அறிவுரையைச் சொல்லித்தான் விமானம் ஏற்றுகிறார்.

இந்தக் கருத்தை விரித்துச் சொன்னால் இப்படி வரும். புது நாட்டில் அன்றாட வாழ்க்கை பிடிபடுவதும் பிடிபடாமல் போவதும் போனவரின் மனப்பக்குவத்தைப் பொறுத்தது. நாக்கைப் பழக்க வேண்டும், அவர்கள் மொழியைப் பேச வேண்டும், நம் ஆட்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. இதையெல்லாம் செய்கிறவரை அந்த நாடு ஏற்றுக்கொள்ளும். செய்யாதவர் தோற்றுத் திரும்புவார்.

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். புதிதாக வந்தவர் ஒரு நாட்டில் காலூன்றுவாரா என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த நாடு அவர் கையில் கொடுக்கிற காகிதம். எத்தனை நாள் இருக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், அந்த வேலையை விட்டால் என்ன ஆகும், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாமா, சம்பளம் வராவிட்டால் எங்கே முறையிடலாம் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்கிறது. மனப்பக்குவத்துக்கு வேலை அதற்குப் பிறகு வருகிறது.

அனுசரிப்பைப் பற்றி இத்தனை பேசுகிறவர்கள், போனவர்கள் எதையெல்லாம் அனுசரிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. மல்லாட்டைக் கொல்லையிலும் நெல் வயலிலும் வேலை செய்து வளர்ந்த ஆள், வீட்டில் ஒருநாள்கூட அடுப்புப் பற்ற வைத்திராதவர், துபாயிலோ தம்மாமிலோ இறங்கிய சில வாரங்களில் பத்துப் பேருக்குக் குழம்பு வைக்கிறார். அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் தூங்கப் பழகுகிறார். ஒரே அறையில் பீகார்க்காரரோடும் வங்கதேசத்தவரோடும் நேபாளியோடும் இருந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்காத இந்தியை மூன்று நான்கு மாதத்தில் பேசுகிறார். வேலைக்கு வேண்டிய அரபிச் சொற்களையும் பிடித்துக்கொள்கிறார். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பகல் பன்னிரண்டரை மணி முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சட்டம் வைத்திருக்கிறது. அப்படிச் சட்டம் போடவேண்டிய வெயில் அது. அந்த இரண்டரை மணி நேரம் போக மீதிப் பகல் முழுவதும் அந்த வெயிலில்தான் அவர் நிற்கிறார். மகனின் முதல் பிறந்தநாளையும் அப்பாவின் கருமாதியையும் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு மறுநாள் காலை வேலைக்குப் போகிறார். இதற்கு மேல் ஒரு மனிதர் எதை அனுசரிக்க வேண்டும்?

சோறு, தூக்கம், மொழி, வெயில், குளிர் எல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். பத்து வருடமானாலும் பழகாதது ஒன்று உண்டு. அதுதான் தன் வாழ்க்கையின் சாவி இன்னொருவர் பையில் இருப்பது. வளைகுடா நாடுகளில் அந்த இன்னொருவருக்குப் பெயர் கஃபீல். வேலைக்கு அழைத்தவரே தங்கும் உரிமைக்கும் பொறுப்பாளி என்பது அந்த முறையின் அடிப்படை. இக்காமா என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர்; அவர் புதுப்பிக்காவிட்டால் குற்றவாளி ஆகிறவர் தொழிலாளி. சம்பளம் வராமல் வேலையை விட்டு வெளியேறினால், ஓடிப்போனவர் என்று புகார் பதிவாகிவிடும். சவுதியில் இதை ஹுரூப் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அங்கே இருந்து வந்தவர்களின் முகம் மாறும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொன்னாலும் வாங்கி வைத்துக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது. இந்த நிலையில் இருக்கிறவரிடம் போய், “கொஞ்சம் அனுசரிச்சிக்கோப்பா” என்கிறோம்.

அண்மைக் காலத்தில் இந்தச் சட்டங்கள் கொஞ்சம் மாறின. அந்த மாற்றமே என் வாதத்துக்குச் சான்று. கத்தார் 2020-இல், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்றும் வைத்தது. சவுதி அரேபியா 2021 மார்ச் 14 முதல், ஒரு வருடம் வேலை செய்து முடித்தவர் நிறுவனம் மாறலாம் என்றது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், ஆடு மேய்ப்பவர், தோட்ட வேலைக்காரர் ஆகியோரைச் சேர்க்கவில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து அண்ணனும் தம்பியும் சவுதிக்குப் போகிறார்கள். அண்ணன் கட்டுமான நிறுவனத்தில், தம்பி ஒரு வீட்டில் ஓட்டுநராக. இருவருக்கும் மோசமான முதலாளி வாய்க்கிறார். அண்ணன் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பிழைத்துக்கொள்கிறார். தம்பிக்கு அந்த வழி கிடையாது. ஊர் அண்ணனைப் பிழைக்கத் தெரிந்தவர் என்கிறது, தம்பியை அனுசரிக்கத் தெரியாதவர் என்கிறது. ஒரே தாய் வளர்த்த இருவரின் குணத்தில் தேடினால் இந்த வித்தியாசம் கிடைக்காது.

புறப்படும் முன்பே சுமத்தப்படுகிற கடனையும் சொல்லியாக வேண்டும். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், வேலைக்குப் போகிற ஒருவரிடமிருந்து சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம் என்று இந்திய அரசின் விதி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தத் தொகைக்கு எவரும் விமானம் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள், நகையை அடகு வைத்து, நிலத்தின் பேரில் வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். முதல் வருடச் சம்பளம் வட்டிக்கே போகும் என்று தெரிந்தவர், சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு என்று அங்கே போய்க் கண்டுபிடித்த பிறகும் வாய் திறக்க முடியாது. அதற்கும் நாம் பொறுமை என்றும் அனுசரணை என்றும் பெயர் சூட்டிப் பாராட்டுகிறோம். அது கடனுக்குக் கட்டுப்பட்ட மௌனம்.

2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் 45 பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரரும் அதில் உண்டு. அறைகளைத் தடுக்க எளிதில் தீப்பற்றும் பொருளை வைத்திருந்ததாக அந்த நாட்டுத் தீயணைப்புத் துறையினர் சொன்னார்கள். அந்தத் தடுப்புகளுக்கு நடுவே படுத்திருந்த ஒவ்வொருவரும் அந்த வாழ்க்கைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டவர்தான். நெருக்கடியான அறையைப் பற்றிக் குறை சொல்லாமல் இருந்தவர்கள்தான். அனுசரிப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. கட்டட விதியும் அதைச் சோதிக்க வருகிற அதிகாரியும்தான் காப்பாற்றியிருக்க முடியும்.

சரி, வளைகுடா அப்படித்தான், சிங்கப்பூர் வேறு என்பார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. பிள்ளையார் கோயில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற வொர்க் பெர்மிட்காரர் தன் குடும்பத்தை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளைக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது குடிமக்களின் வாழ்க்கைக்கும் இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கைக்கும் நடுவில் இருந்த சுவர் உலகத்துக்கே தெரிந்தது. ஊரடங்கு ஏப்ரல் 7-இல் தொடங்கி ஜூன் 1-இல் பொதுமக்களுக்கு முடிந்தது. தொழிலாளர் விடுதிகளில் இருந்த சுமார் மூன்று லட்சத்து இருபத்து மூன்றாயிரம் பேருக்கு அது முடியவில்லை. 2021 செப்டம்பரில்தான், வாரத்துக்கு ஐந்நூறு பேர் வரை சில மணி நேரம் ஊருக்குள் போய்வர ஒரு முன்னோட்டத் திட்டம் ஆரம்பித்தார்கள். பத்து வருடம் அங்கே உழைத்து, அந்த ஊரின் ஒவ்வொரு பேருந்துத் தடத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவரும், முந்தின மாதம் வந்து இறங்கியவரும் ஒரே விடுதிக்குள் ஒரே மாதிரி அடைபட்டார்கள். பத்து வருட அனுசரிப்புக்கு அந்தச் சட்டத்தில் மதிப்பே இல்லை.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். இதைச் சோதித்துப் பார்க்க நாம் எங்கேயும் போக வேண்டாம். ஒரே மக்கள், ஒரே காலம், இரண்டு நாடுகள் என்று வரலாறே ஒரு சோதனை நடத்தி வைத்திருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிருக்குப் பயந்து கிளம்பினார்கள். ஒரு பகுதியினர் இராமேசுவரம் கரையில் இறங்கினார்கள். இன்னொரு பகுதியினர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். நம் கருத்துக்காரர்கள் சொல்வது சரியென்றால் இதில் யார் எளிதாகக் காலூன்றியிருக்க வேண்டும்? தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள்தான். மொழி ஒன்று, சாமி ஒன்று, சோறு ஒன்று, சினிமாப் பாட்டு ஒன்று. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், நம் தேர்தல்களைப் பற்றி நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பேசுவது நம் மாவட்டத்துத் தமிழ். இவர்களைவிட ஊரோடு ஒன்றிப்போனவர்களை எங்கே காட்டுவீர்கள்?

இருந்தும் இவர்களுக்குக் குடியுரிமை இல்லை. வாக்கு இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலை இல்லை. நன்றாக மதிப்பெண் எடுத்த பிள்ளையும் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதை இந்த முகாம்களில் பார்க்கலாம். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் இவர்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினருக்கு வழிவிட்டது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், வெளியே 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், புது வீடுகள் கட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதை நான் வரவேற்கிறேன். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று ஆணையிட்டது. தண்டிக்க மாட்டோம் என்றது, குடியுரிமை தருகிறோம் என்று சொல்லவில்லை.

காகிதத்தின் வலிமை எவ்வளவு என்பதற்கு இதே முகாம்களில் இன்னொரு சான்று கிடைக்கிறது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தத் தேதியைக் காட்டி உயர் நீதிமன்றம் போனார். பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். இரண்டு வருடம் கழித்து அதே முகாமில், அதே தாழ்வாரத்தில் பிறந்தவர் இன்றும் அந்நியர். ஒருவர் அனுசரித்தார், மற்றவர் அனுசரிக்கவில்லை என்று சொல்ல இங்கே யாருக்காவது வாய் வருமா?

இப்போது கனடாவைப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்து கிடந்தார்கள், மீனவர்கள் காப்பாற்றினார்கள். பனி தெரியாது, அந்த நாட்டின் சாப்பாடு தெரியாது, பலருக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். கனடா அவர்களுக்கு அங்கே தங்கவும் வேலை செய்யவும் அனுமதிச் சீட்டுக் கொடுத்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் அதன்பின் குடியுரிமையும் கிடைக்கும் பாதை சட்டத்தில் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அரசு செலவில் மொழி வகுப்பு நடத்தும் திட்டம் 1992-இல் வந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்கள், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர்கள் ஸ்கார்பரோவில் வீடு வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983-இல் சிறுவனாகக் கனடா போன கரி ஆனந்தசங்கரி 2015-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2025-இல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். எல்லைக்காவல் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. அதே 1983-இல் இராமேசுவரத்தில் இறங்கிய சிறுவனுக்கு இன்று ஐம்பது வயது தாண்டியிருக்கும். பஞ்சாயத்து வார்டுக்குக்கூட அவர் நிற்க முடியாது.

கனடா நல்லவர்கள் நாடு, அதனால்தான் என்று இதை மடக்கிவிட முடியாது. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர்கள் அதே கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தார்கள். அவர்களைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். பலர் பல மாதம் உள்ளே கிடந்தார்கள். 2012-இல் சட்டத்தையே கடுமையாக்கினார்கள். இருபத்து நான்கு வருட இடைவெளியில் தமிழர்களின் மனப்பக்குவம் குறைந்துவிடவில்லை. முன்னால் போனவர்கள் அங்கே கடையும் கோயிலும் வைத்திருந்ததால் 2010-இல் வந்தவர்களுக்கு ஒட்டிக்கொள்வது இன்னும் எளிதாகத்தான் இருந்திருக்கும். மாறியது அரசின் மனமும் சட்டமும்.

இதற்கெல்லாம் முன்பே, எங்கள் கண்ணெதிரே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் போன்ற பகுதிகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. எங்கள் மாவட்டத்து ஊர்களும் அவையும் வரப்புக்கு வரப்பு ஒட்டிக் கிடக்கின்றன. பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. புதுச்சேரியை இந்தியாவோடு இணைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று வழி வைத்தார்கள். சில ஆயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசில் இறங்கினால் குடியேற்ற அதிகாரி வழிவிட வேண்டும். பிரெஞ்சில் நான்கு வாக்கியம் பேசத் தெரியாவிட்டாலும் அங்கே வேலை தேடலாம், வாக்களிக்கலாம். வரப்புக்கு இந்தப் பக்கம் பிறந்தவர் பிரெஞ்சைக் கரைத்துக் குடித்திருந்தாலும் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

செஞ்சிக்கோட்டையைக் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. “எத்தன பேரு வந்தாங்க, எல்லாரும் இந்த மண்ணோட கலந்துட்டாங்களே” என்பார்கள். 2025 ஜூலையில் மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். 1649-இல் பீஜப்பூர்ப் படை, 1677-இல் சிவாஜி, 1698-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான், 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர். எல்லோரும் படையோடு வந்தார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் மாறுவேடத்தில் உயிர் தப்பி ஓடிவந்தவர்தான். ஆனால் அவர் வந்து சேர்ந்த கோட்டை அவர் தகப்பனார் பிடித்துவைத்த கோட்டை. கதவு உள்ளிருந்தே திறந்தது. நம் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் நாயகனாகிவிட்ட தேசிங்குராஜன் புந்தேல ராஜபுத்திரர். அவர் தகப்பனார் சொரூப்சிங் முகலாயர் கொடுத்த கோட்டை அதிகாரத்தோடு இங்கே ஆண்டவர். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு 1714-இல் மாண்ட அந்த இளைஞனை நம் மக்கள் தங்கள் பிள்ளையாகவே அழுது பாடினார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் சொரூப்சிங்கிடம் யாரும் வாயைக் கட்டி நாக்கைப் பழக்கிக்கொள் என்று சொல்லவில்லை. நிலமும் வரியும் வாளும் கையில் இருந்தவருடைய குடியேற்றத்தைக் காட்டி, இக்காமாகூடக் கையில் இல்லாதவருக்குப் பாடம் சொல்வது நியாயமில்லை.

எங்கள் ஊர்ப் பாறையில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்ததாக அவன் அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறான். அவனுக்குப் பாறை இருந்தது, உளி பிடிக்க ஆள் இருந்தது, அரசு இருந்தது. நாம் போகிறவர்களிடம் கேட்பது, எதுவுமே இல்லாமல் கட்டிக் காட்டு என்பது.

என்னை மறுப்பவர்களின் வலுவான கேள்வி ஒன்று உண்டு. ஒரே கேம்பில், ஒரே சட்டத்தின் கீழ், ஒருவர் நிமிர்கிறார், ஒருவர் உடைகிறாரே, அது குணம்தானே? கொஞ்சம் குணமும்தான். ஆனால் அந்த இருவரையும் விசாரித்தால் பெரும்பாலும் வேறு விவரங்கள் கிடைக்கும். ஒருவருக்கு மச்சான் முன்பே அங்கே இருந்தார், எந்தச் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார், மற்றவருக்கு யாருமில்லை. ஒருவர் ஐம்பதாயிரம் கடனோடு போனார், மற்றவர் மூன்று லட்சத்தோடு. ஒருவர் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். மற்றவர் கையில் அரபியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைக் குணம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஆட்களோடு ஒட்டாதே என்கிற அறிவுரையையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். வேலை, வாடகை அறை, அவசரத்துக்குக் கைமாற்று, பிணத்தை ஊருக்கு அனுப்ப வேண்டிய கையெழுத்துகள் எல்லாம் புதிதாகப் போனவருக்கு நம் ஆட்கள் வழியாகத்தான் கிடைக்கின்றன. பாரிசின் லா ஷப்பேல் தெருக்கடைகளும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும், ஸ்கார்பரோவின் சீட்டுப் பிடிக்கிற குடும்பங்களும் அந்த நாடுகளுக்குள் நுழையும் முதல் வாசல்கள். அந்த வாசலை மூடிவிட்டுப் போகச் சொல்வது கெடுதலான அறிவுரை. வெளிநாட்டில் வெள்ளைக்காரர்கள் கூடிக் கூடி வாழ்ந்தால் அதை நாம் குறையாகச் சொன்னதே இல்லை.

குடியுரிமை கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் குடியுரிமையோடுதான் வந்தார்கள். தாத்தா பாட்டியின் மண் அவர்களுக்குப் புது நாடாக இருந்தது. நீலகிரியில் இன்றும் சிலோன்காரர் என்ற பெயர் போகவில்லை. அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கி வேலையும் குடியிருப்பும் கொடுத்த இடங்களில் வேர் பிடித்தது. காகிதமும் வேண்டும், அதோடு கூலியும் கூரையும் வேண்டும். இவற்றில் எதையும் வந்தவரின் புன்சிரிப்பும் பொறுமையும் கொண்டுவந்து தர முடியாது.

இந்தக் கருத்தை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம், அது ஆட்களை அழிக்கிறது. சம்பளம் வராமல் ஏழு மாதம் உழைத்துவிட்டு ஊருக்கு வந்தவர், ஏமாற்றிய முதலாளியின் பேரில் புகார் எழுதுவதில்லை. ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று தலை குனிந்து வீட்டுக்குள் இருக்கிறார். மனைவியிடம்கூட நடந்ததைச் சொல்வதில்லை. பணம் வாங்கிய ஏஜெண்ட் அடுத்த ஊரில் அடுத்த பையனைச் சேர்க்கிறார். தமிழ்நாட்டிலிருந்து சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக 2015-ஆம் ஆண்டு புலம்பெயர்வு ஆய்வு சொன்னது. அத்தனை குடும்பங்களின் துயரத்தையும் தனிமனிதக் குறையாக மாற்றி வைக்கிற சொல்லை நாம் டீக்கடையில் சாதாரணமாக உதிர்க்கிறோம்.

ஆகவே பிள்ளையை அனுப்புகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அனுசரித்துப் போ என்று சொல்வதற்கு முன், ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு வெளியுறவுத் துறையின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாமல் போகிறவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை எடுக்காமல் விடாதீர்கள். அதன் கட்டணம் சில நூறு ரூபாய்தான், காப்பீடு பத்து லட்சம். திரும்பி வந்தவரிடம் ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். சம்பளம் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று நம் எல்லோருக்குமானது. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த அரசுகள் உரிமை தர வேண்டும் என்று கேட்கிற நாம், நம் மாவட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தியா குடியுரிமை தர வேண்டும் என்று கேட்டாக வேண்டும். அடுத்த மக்களவைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைக் கேளுங்கள். அந்த முகாமுக்கு அவர்கள் போக மாட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை.